அட்டையில் ஏறாத மூன்றாவது பூச்சு

உரத்துக்குப் பூச்சு போடும் சுழல்சட்டியை எந்தச் சூட்டில் ஓட்டுவது, எண்ணெயை எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை தெளிப்பது என்பதெல்லாம் மேட்டுப்பாளையம் தொழிற்சாலைச் சுவரில் எழுதி மாட்டியிருக்கிறது. புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் அதை ஒரு வாரத்தில் படித்துவிடுவீர்கள். ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயம். உட்கார்ந்தது என்றுகூடச் சொல்லக் கூடாது. இதை நினைத்தால் எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்வதில்லை. இரண்டு வரி எழுதிவிட்டு எழுந்து வாசல்வரை போய்வந்து, அடுத்த வரியை எழுதுகிறேன்.

நாம் செய்யும் பொருள் எளிமையானது. யூரியாக் குருணையை அப்படியே வயலில் போட்டால் சில நாட்களில் கரைந்துவிடும். பயிர் குடித்தது போக மற்றது தண்ணீரோடும் காற்றோடும் போகும். அதனால் குருணைக்கு ஒரு சட்டை மாட்டுகிறோம். பண்ருட்டிப் பக்கத்து முந்திரிப் பட்டறைகளில் கொட்டை உடைத்தபின் மிஞ்சும் ஓட்டிலிருந்து எடுத்த எண்ணெய்தான் பூச்சு. அதன்மேல் வேர்க்கடலைத் தோலை, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டைத் தோலை, மாவாக அரைத்துத் தூவுகிறோம், குருணைகள் ஒட்டாமல் இருக்க. பூச்சுக்குள் தண்ணீர் மெல்ல நுழைந்து உரம் மெல்ல வெளியே வர வேண்டும். மெல்ல என்றால் எவ்வளவு மெல்ல? அந்தக் கேள்விக்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். தரம் பார்க்கும் பொறுப்பு என்னுடையது.

எனக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. பழைய ஆட்களின் நாட்குறிப்புகள் அச்சில் எங்கே கிடைத்தாலும் தேடிப் படிப்பேன். அந்தத் தொற்றில் நானும் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தேன். கிழமை, ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, காலையில் பனியா வெயிலா, வைத்திக்குப்பத்தில் அன்று என்ன மீன் வந்தது, சட்டியில் என்ன ஓடியது, எல்லாம் அதில் இருக்கும். ஒரு நாள் விட்டதில்லை. அதில் எனக்குக் கர்வமும் இருந்தது. கீழே வரும் தேதிகள் அந்த நோட்டில் உள்ளவை. பயிர் விஷயம் என்பதால் தமிழ் மாதத்தையே சொல்கிறேன்.

அந்த மார்கழியில் ஒரு அடி வாங்கியிருந்தோம். வில்லியனூர்ப் பக்கம் ஒரு கத்தரித் தோட்டத்துக்குப் போன மூட்டைகள் நான்கே நாளில் கரைந்துவிட்டன. எண்ணெய் சரியாக இறுகவில்லை. தோட்டக்காரர் தொழிற்சாலை வாசலிலேயே நின்று, "உரம்னு சொல்லி சக்கர உருண்ட குடுத்தீங்களா?" என்று கேட்டார். சட்டி ஓட்டும் ஆட்கள் உட்பட எல்லாரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அடுத்த லாட்டில், அதாவது அடுத்து சட்டியில் ஓட்டியதில், கோளாற்றைச் சரிசெய்தோம். குருணையைக் கண்ணாடிப் புட்டித் தண்ணீரில் போட்டு எத்தனை நாளில் கரைகிறது என்று பார்க்கும் சோதனையிலும் அது தேறியது. ஆனால் அந்தச் சக்கரை உருண்டை என் காதிலேயே இருந்தது.

தையில் பூங்காவனம் அம்மாவின் ஆர்டர் வந்தது. பாகூர்ப் பக்கம் இரண்டு காணி நிலம், போர் தண்ணீர், நவரைப் பட்டத்து நெல் நடவு. புருஷன் இல்லை. காலையில் வயலைப் பார்த்துவிட்டு டவுனில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறவர். நம்முடைய உரத்தை ஏன் கேட்டார் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டார்.

"நடவுக்குப் பொறவு ரெண்டு தடவ மேலுரம் போடணும் சார். ஆளு வச்சாலும் கூட நின்னாத்தான் ஒழுங்கா தூவுவாங்க. கடையில லீவு கேட்டா மொதலாளி மூஞ்சிய தூக்கி வச்சிக்கறாரு. நீங்க ஒரே தடவ போட்டா போதும்னு சொல்றீங்க. அது நெசந்தானே?"

"நெசந்தாம்மா" என்றேன்.

இரண்டு காணியையும் நம்மிடம் கொடுத்தார். பாதியில் நம் உரம், பாதியில் வழக்கமான உரம் என்று அவர் பிரித்து வைக்கவில்லை. அந்தப் பருவத்தின் நெல் முழுவதும் என் வாய்ச்சொல்லில் நின்றது. ஆறு பாத்தி, பாத்திக்கு ஒரு மூட்டை, ஆறு மூட்டை.

தை இருபது, செவ்வாய். வழக்கம்போல் இரண்டு பூச்சு. அவருக்கான ஆறில் மூன்று மூட்டை தயார். அன்று மாலை நான் தொழிற்சாலைக்குள் நடந்துகொண்டே இருந்தேன். சக்கரை உருண்டை. மறுநாள் காலையில் ஏழுமலையிடம் போய், "இன்னிக்கு மூணு பூச்சு போடுங்க" என்றேன்.

ஏழுமலை சட்டி ஓட்டுகிறவர். டவுனில் இருந்த பஞ்சாலை மூடும்வரை அங்கே நூல் பிரிவில் இருந்தவர். என் வயதுதான். முந்திரி ஓட்டு எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரிந்துவிடும் என்பதால் கையுறைக்கு உள்ளேயும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார். அன்றும் தடவிக்கொண்டே கேட்டார்.

"மூணாவது போட்டா சட்ட தடிச்சிப் போவுமே சார்."

"தடிக்கட்டும். இதுவும் நாலு நாள்ல கரைஞ்சா அந்தம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?"

"சரி. அட்டையில எழுதிட்டீங்களா?"

ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு அட்டை உண்டு. உங்களுக்கும் கொடுத்திருப்பார்கள். அதில் பூச்சின் எண்ணிக்கையை மாற்ற வேண்டுமென்றால் முதலாளி கையெழுத்திட வேண்டும். அவர் சென்னையில் இருந்தார், வெள்ளிக்கிழமைதான் வருவார். மூட்டைகள் வியாழனன்று வண்டியேற வேண்டும், வெள்ளி நடவு. போனில் கேட்டிருக்கலாம். கேட்டால், சோதிக்காமல் ஏன் மாற்றுகிறீர்கள் என்பார். நியாயமான கேள்வி. அதனால்தான் நான் கேட்கவில்லை.

"அவரு வந்ததும் எழுதிக்கலாம்" என்றேன்.

"அப்ப நேத்து மூட்டைக்கும் இன்னிக்கு மூட்டைக்கும் வித்தியாசம் யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்ல" என்று சட்டைப்பையைத் தட்டிக் காட்டினேன்.

அவர் கையுறையை மாட்டிக்கொண்டார்.

நோட்டில் அன்றைய குறிப்பு இது: "தை 21, புதன். காலையில் பனி. வைத்திக்குப்பத்தில் சங்கரா நிறைய. மூன்றாவது பூச்சு." எவ்வளவு ஒழுங்கு பாருங்கள். வியாழனன்று வண்டியில் ஏற்றும்போது சில மூட்டைகளின் வாய் சிவப்பு நூலால் தைக்கப்பட்டிருந்ததைப் பார்த்தேன். வெள்ளை நூல் கண்டு தீர்ந்திருக்கும் என்று நினைத்தேன். அதை நான் நோட்டில் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை முதலாளி வந்தார். நான் சொல்லவில்லை. சனிக்கிழமை சொல்லலாம் என்று இருந்தேன். சனிக்கிழமை அவர் நல்ல மனநிலையில் இருந்தார், அதைக் கெடுப்பானேன் என்று விட்டேன். திங்களன்று அவருக்குத் தலைவலி. இப்படிச் சொல்லாமல் போகும் ஒவ்வொரு நாளும் அடுத்த நாளைக் கடினமாக்கும். நீங்கள் இதை அனுபவத்தில் தெரிந்துகொள்ள வேண்டாம். நடவுக்குப் பிறகு வந்த பதினெட்டு நாளும் என் மேசையில் நான் இருந்த நேரம் குறைவு. புட்டிகளைப் பார்ப்பேன், வெளியே போவேன், திரும்பி வருவேன். புதன்கிழமைக் குருணைகளைத் தனியாக ஒரு புட்டியில் போட்டு ஜன்னலோரம் வைத்திருந்தேன். அவை கரையவேயில்லை. போட்டபடியே கிடந்தன. முதல் வாரம் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். இரண்டாவது வாரம் அந்தப் பக்கம் போவதைத் தவிர்த்தேன்.

மாசி பன்னிரண்டு, செவ்வாய். நடவு ஆகிப் பதினெட்டாம் நாள். பூங்காவனம் அம்மா போன் செய்தார்.

"சார், நெல்லு அங்கங்க வெளுத்துக் கெடக்கு. நான் இன்னிக்கு கடைக்குப் போவல. வந்து பாத்துட்டுப் போங்க."

முதலாளி தானே காரை எடுத்தார். நான் முன்னால் ஏறினேன். ஏழுமலை, கூப்பிடாமலே, கையைக் கழுவிக்கொண்டு வந்து பின்னால் ஏறிக்கொண்டார்.

வரப்பில் நின்று பார்த்ததும் முதலாளி, "இது ஜிங்க் குறைவு மாதிரி தெரியுதும்மா. ஜிங்க் சல்பேட் கொஞ்சம் போட்டா பச்சை கட்டிடும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்ததை வைத்துச் சொன்னார். அந்த நிறத்துக்கு அப்படியும் ஒரு காரணம் இருக்கக்கூடும். நான் தலையாட்டியிருந்தால் போதும், வயல் முழுக்க ஜிங்க் போட்டிருப்பார்கள், பயிர் பக்கக் கிளை விட்டுத் தூர் கட்டும் நாட்கள் கடந்து போயிருக்கும். தூர் கட்டாத நெல்லுக்கு அப்புறம் எதைப் போட்டும் பயனில்லை. என் கை சட்டைப்பையின்மேல் இருந்தது.

"ஜிங்க் கொறஞ்சா வயலு பூரா கொறையும்" என்றார் பூங்காவனம் அம்மா. "பாத்தி பாத்தியா கொறையுமா? இருங்க."

மோட்டார் கொட்டகைக்குள் போய் ஆறு காலி மூட்டைகளை அள்ளி வந்தார். வரப்பில் ஒவ்வொன்றாக விரித்தார். வாயில் அறுத்த நூல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றில் வெள்ளை, மூன்றில் சிவப்பு.

"என் கொழுந்தன் தூவுனாரு. மூட்டைய பிரிச்சது நானு. எந்தப் பாத்தில எதப் பிரிச்சேன்னு எனக்குத் தெரியும். ரெண்டாவது பாத்தி செவப்பு. அந்தா, வெளுத்துக் கெடக்கு. ரோட்டோரப் பாத்தி செவப்பு. அதுவும் வெளுப்பு. வெள்ள நூலு போன பாத்தி மூணும் பச்சப் பசேல்னு இருக்கு. இந்த செவப்பு நூலு இன்னாத்துக்கு சார்?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் ஏழுமலையைப் பார்த்தேன். ஏழுமலை வாய்க்கால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நோட்டை எடுத்துப் புதன்கிழமைப் பக்கத்தைத் திறந்து முதலாளியிடம் கொடுத்தேன். "சிவப்பு நூல் மூட்டையில மூணு பூச்சு. நான்தான் போடச் சொன்னேன். அட்டையில எழுதல. உங்ககிட்டயும் சொல்லல."

அவர் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். "சங்கரா மீனெல்லாம் எழுதியிருக்கீங்க" என்றார்.

அதற்குமேல் அங்கே திட்ட நேரமில்லை. பூங்காவனம் அம்மா கேட்டார்: "செவப்பு மூட்ட மூணு. வெளுத்தது ரெண்டு பாத்தி. மூணாவத அஞ்சாவது பாத்தில பிரிச்சேன், அது நல்லாத்தானே நிக்குது?"

சேற்றில் இறங்கினேன். ஐந்தாவது பாத்தியில் கையை விட்டுத் துழாவிக் குருணைகளை எடுத்தேன். ஒவ்வொன்றாக நகங்களுக்கிடையில் வைத்து நசுக்கினேன். உள்ளே தண்ணீர் புகுந்திருந்தால் குருணை மெத்தென்று நசுங்கி ஈரம் வரும். இருபது எடுத்தேன். இரண்டுதான் நசுங்கின. மற்றவை கல் மாதிரி இருந்தன. பக்கத்துப் பாத்தியிலிருந்து மடை வழியாக வந்த தண்ணீரால் அது இன்னும் பச்சையாக நின்றது. அந்தப் பச்சை ஒரு வாரம் தாங்கும்.

"இதுவும் வெளுக்கும்மா. நூல் சரியாத்தான் சொல்லுது."

"சரி, இப்ப இன்னா போடணும்? சாதா யூரியா போட்டுடட்டுமா? பாத்திக்கு ஒரு மூட்ட?"

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். பயிருக்கு உடனே உரம் வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கல் மாதிரிக் கிடக்கும் அந்தக் குருணைகளுக்குள் நம் உரம் அப்படியே இருக்கிறது. சேறு குளிர்ந்திருக்கும்வரை அது வெளியே வராது. பங்குனி வெயிலில் சேறு சூடாகும், பூச்சு தளரும், எல்லாம் சேர்ந்து வெளியே வரும். அப்போது பயிர் கதிர் விடும் நிலையில் இருக்கும். இப்போது ஒரு மூட்டை போட்டால், அப்போது அதற்கும் மேல் இன்னொரு மூட்டை. பயிர் தழைத்து, தண்டு மெலிந்து, ஒரு காற்றில் படுத்துவிடும். போடாவிட்டால் தூர் இல்லை. குறைவாகப் போட வேண்டும். எவ்வளவு குறைவாக என்பதற்கு எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை. என்னிடம் இருந்தது நசுக்கிய இருபது குருணைகள் மட்டும்.

"ஏழு கிலோ. சிவப்புப் பாத்தி ஒவ்வொண்ணுக்கும். அதுக்கு மேல ஒரு கைப்பிடிகூட வேண்டாம்."

"ஏழு கிலோவ தூவுறதா, பொட்டு வைக்கிறதா?" என்றார் அவர்.

முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏழு போதும்னு உங்களுக்கு நிச்சயமா தெரியுமா?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியாது."

அப்படிச் சொன்னது என் வேலைக்காலத்தில் முதல் தடவை என்று நினைக்கிறேன். பூங்காவனம் அம்மாதான் முடிவு சொன்னார்.

"ஏழு கிலோ போடறன். உள்ள கெடக்கறது எப்ப வெடிக்குதுன்னு யாரு பாக்கறது?"

"நான் மூணு நாளைக்கு ஒரு தடவ வந்து பாக்கறேன்."

"வந்துதான் ஆவணும்" என்றார். காலி மூட்டைகளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் வில்லியனூர் தாண்டியதும் முதலாளி, "இதே லாட்ல வேற யாருக்காவது போயிருக்கா?" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. புதன்கிழமை ஓட்டியதில் மிச்சம் இருந்தது, அடுத்த வண்டிக்கு.

"பதினோரு மூட்ட இருக்கு சார்" என்றார் ஏழுமலை, பின்னாலிருந்து. "ஒண்ணும் வெளிய போவல. செவப்பு நூலு எல்லாத்தையும் கோடவுன் மூலையில தனியா அடுக்கி வச்சிருக்கன். மில்லுல நூல் நம்பர் மாறுனா கண்டுக்கு வேற கலர் அடிப்போம். எழுத மறந்துட்டாலும் கண்ணுக்குத் தெரியும்ல."

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"நீங்க பாக்கெட்ல எழுதி வச்சிக்கிட்டீங்க. உங்க பாக்கெட்டு மூட்டையோட வண்டி ஏறாதே சார். அதான் மூட்டையிலயே தச்சிட்டன்."

மாசியிலும் பங்குனியிலும் மூன்று நாளைக்கு ஒரு முறை ஸ்கூட்டரில் பாகூர் போனேன். ஞாயிறு என்றும் பார்க்கவில்லை. போகும்போது வேகமாகப் போவேன், வயல் தெரியும் திருப்பத்தில் வேகம் தானாகக் குறையும். ஐந்தாவது பாத்தி சொன்னபடியே வெளுக்கத் தொடங்கியது, ஆனால் அதற்குள் அங்கும் ஏழு கிலோ விழுந்திருந்ததால் இரண்டு நாளில் தெளிந்தது. இருபதில் இரண்டு நசுங்கியது நான்கானது, ஏழானது. பங்குனி பிறந்து வெயில் ஏறியதும் ஒரே வாரத்தில் இருபதில் பதினாறு. என் விரல் நகங்களில் பழுப்புக் கறை ஏறி, தோல் உரிந்தது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போகச் சொன்னார் ஏழுமலை. ஒவ்வொரு முறையும் மறந்தேன்.

பங்குனி நடுவில் ஒரு நாள் ரோட்டோரப் பாத்தியைப் பார்த்துத் திடுக்கிட்டேன். மற்ற சிவப்புப் பாத்திகள் பச்சை. இது கருநீலம் ஓடிய பச்சை. இலைகள் தழைத்துத் தொங்கின.

"இதுக்கு எவ்வளவு போட்டீங்க?"

பூங்காவனம் அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "நான் ஏழுதான் சார். கொழுந்தன் இன்னும் பாதி மூட்ட கொட்டிட்டாரு. ரோட்டுல போறவன் வர்றவன் எல்லாம், இன்னாடா உன் அண்ணி நெல்லுக்கு மஞ்சக்காமாலையான்னு கேட்டிருக்கானுவ. அவருக்கு ரோஷம்."

எனக்குக் கோபம் வந்தது. சொல்லத் தகுதியில்லை. வில்லியனூர்க்காரர் கேட்ட ஒரு கேள்விக்கு நான் செய்ததைத்தான் அவரும் செய்திருந்தார்.

சித்திரையில் ஒரு மாலை காற்றோடு கோடை மழை. மறுநாள் வேலைக்குப் போகாமல் நேரே பாகூர் போனேன். ஐந்து பாத்தி நின்றது. ரோட்டோரப் பாத்தி பாய் விரித்த மாதிரி படுத்திருந்தது. அறுவடைச் சமயத்தில் வந்த மெஷின்காரர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "இத என் வண்டி அள்ளாதும்மா" என்று மற்றதை மட்டும் அறுத்தார். அதிலும் வெள்ளை நூல் பாத்திகள் முதலில் பழுத்தன. சிவப்பு நூல் பாத்திகள் பச்சை மாறாமல் ஒன்பது நாள் நின்றதால் மெஷின் இரண்டு தடவை வர வேண்டியிருந்தது. படுத்த பாத்தியை ஆள் வைத்து அரிவாளால் அறுத்தார்கள். கொழுந்தனும் அறுத்தார். நானும் இரண்டு கட்டு தூக்கினேன். அதற்காகப் பூங்காவனம் அம்மா கடைக்கு எத்தனை நாள் லீவு போட்டார் என்று எனக்குத் தெரியும். நோட்டில் இருக்கிறது. இங்கே எழுத மனம் வரவில்லை.

முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அட்டையை மாற்ற வேண்டுமென்றால் எந்த நேரமும் போனில் கேட்கலாம், காரணம் சொன்னால் போதும் என்று விதியை மாற்றினார். இத்தனை பூச்சுக்கு இந்த நிற நூல் என்பது அதிலிருந்துதான் வந்தது. நீங்கள் இன்று தைக்கும் நூலுக்கு ஏன் அந்த நிறம் என்று யாராவது கேட்டால் ஏழுமலையின் பெயரைச் சொல்லுங்கள்.

அடுத்த நடவுக்குப் பூங்காவனம் அம்மா நம்மிடம் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு திங்கட்கிழமை, துணிக்கடைப் புடவையில், ஸ்கூட்டியை வாசலில் நிறுத்திவிட்டு வந்தார். அலுவலகத்துக்குள் வரவில்லை. நேரே கோடவுனுக்குப் போய் மூட்டைகளின் வாயைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

"அண்ணே, இந்தத் தடவ இன்னா நூலு?"

"வெள்ளதாம்மா. ரெண்டே பூச்சு" என்றார் ஏழுமலை.

"சாரு பாக்கெட்ட சோதிச்சிட்டீங்களா?"

"காலி பண்ணிட்டுத்தான் உள்ள வுடறோம்."

நான் லாட் அட்டையை நீட்டினேன். நின்றபடியே, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். அடியில் இருந்த கையெழுத்தில் விரல் நின்றது.

"இது யாரோடது?"

"முதலாளியோடது. அதுக்குப் பக்கத்துல இருக்கறது என்னுது."

அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

"நாலு மூட்ட குடுங்க."

"ஆறு பாத்தி இருக்கே?"

"நாலு போதும் சார்" என்றார். "மீதி ரெண்டு பாத்திக்கு சாதா உரம், நான் லீவு போட்டுக்கறன்."

நான்கு என்று அட்டையில் எழுதினேன்.